லெட்டூஸுக்குள் சீசரின் குரல்: குறுக்கெழுத்தில் 'எட் டூ, ப்ரூட்டே'

கேள்வி இது. ஆங்கிலக் குறுக்கெழுத்து ஒன்றில் 'ஏலியன், யூனியன், பீஸ்ட்: குத்துப்பட்டவரின் குமுறல் (2,2,5)' என்ற பொருளில் ஒரு குறிப்பு. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை எழுத்து என்ற கணக்கு. விடை 'எட் டூ, ப்ரூட்டே'. 'நீயுமா, ப்ரூட்டஸ்?' என்று சீசர் கேட்டதாகச் சொல்லப்படும் லத்தீன் தொடர்தான் அது என்பது புரிகிறது. ஆனால் ஏலியனுக்கும் யூனியனுக்கும் ரோமாபுரியில் என்ன வேலை? கூடவே இன்னொரு சந்தேகம்: அமெரிக்கப் புதிர்களில் இதே தொடரின் முதல் பாதி நான்கே கட்டத்தில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

முதல் சந்தேகத்துக்கு விடை சுருக்கமானது. ஏலியன், அதாவது வேற்றுக்கிரகவாசி, என்றால் ஈ.டீ. ஸ்பீல்பெர்கின் 'ஈ.டீ.' படம் 1982-இல் வந்ததிலிருந்து 'ஏலியன்' என்ற சொல்லைக் கண்டதும் புதிர் போடுபவர்களின் கை தானாக இந்த இரண்டு எழுத்தை எழுதிவிடும். யூனியன் என்றால் ட்ரேட் யூனியன், அதன் சுருக்கம் டீ-யூ. பீஸ்ட் என்றால் 'ப்ரூட்', அதாவது மிருகம். மூன்றையும் வரிசையாக ஒட்டினால் ஒன்பது எழுத்து: ஈ-டீ, டீ-யூ, பி-ஆர்-யூ-டீ-ஈ. குத்துப்பட்டவரின் குமுறல் என்பது பொருள் சொல்லும் பகுதி. முன்னால் உள்ள மூன்று சொற்களும் எழுத்தைக் கட்டித் தரும் பகுதி. மறைகுறிப்புப் புதிர்களில், ஆங்கிலத்தில் க்ரிப்டிக் என்கிறார்களே அந்த வகையில், பெரும்பாலான குறிப்புகளுக்கும் இந்த இரண்டு பகுதிகள்தாம். பொருள் ஒரு முனையில் இருக்கும், கட்டுமானம் மறுமுனையில் இருக்கும். நடுவில் இருக்கும் கோடு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

எழுத்துகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. தமிழில் எழுதும்போது இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒன்றுபோலத் தெரியும். இந்தப் பதிலில் 'டீ' வரும் இடமெல்லாம் 'டேபிள்' என்ற சொல்லின் முதலெழுத்து. 'பி' வரும் இடமெல்லாம் 'புக்' என்ற சொல்லின் முதலெழுத்து. ஒரு தாளில் ஒன்பது எழுத்தையும் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் எல்லாம் கண்ணெதிரே விளங்கும். எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்: டீ மூன்று, ஈ இரண்டு, யூ இரண்டு, பி ஒன்று, ஆர் ஒன்று.

இப்போது அந்தத் தொடரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பொருள் பகுதியில் பல குறிப்புகள் தவறுவது இங்கேதான். கி.மு. 44, மார்ச் 15. பாம்பி என்ற ரோமானியத் தளபதி கட்டிய அரங்கத்தோடு சேர்ந்த அவைக்கூடத்தில் சீசர் குத்தப்பட்டார். உடலில் 23 காயம் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். முதல் குத்துக்கு ஒரு முனகல், அதற்குமேல் ஒரு வார்த்தையும் இல்லை என்பதுதான் அவர் தரும் செய்தி. மார்க்கஸ் ப்ரூட்டஸ் பாய்ந்து வந்தபோது கிரேக்க மொழியில் 'நீயுமா, பிள்ளாய்?' என்று கேட்டதாகச் சிலர் சொல்வதையும் அவரே பக்கத்தில் சேர்த்து வைக்கிறார். கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க்கின் நூலில் இன்னொரு காட்சி: உருவிய கத்தியோடு ப்ரூட்டஸைக் கண்டதும் சீசர் மேலாடையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு எதிர்ப்பதை விட்டுவிட்டார் என்று சிலர் சொல்வதாக எழுதுகிறார். ஆக, நமக்குத் தெரிந்த லத்தீன் சொற்கள் இந்த இருவரிடமும் இல்லை. அவை இங்கிலாந்து மேடையிலிருந்து வந்தவை. 1595-இல் அச்சான ஒரு வரலாற்று நாடகத்தில் ஏற்கெனவே இந்தத் தொடர் இருக்கிறது. 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் தம் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் இதை வைத்த பிறகுதான் உலகத்தின் வாயில் நிலைத்தது.

நாடகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'எட் டூ, ப்ரூட்டே?' என்று லத்தீனில் கேட்ட சீசர், அதே வரியில் ஆங்கிலத்தில் 'அப்படியானால் சீசர் விழட்டும்' என்று சொல்லிவிட்டுத்தான் சாகிறார். எனவே 'சீசரின் கடைசிச் சொற்கள்' என்று குறிப்பு எழுதினால் வரலாற்றின்படியும் அது உறுதியில்லை, நாடகத்தின்படியும் சரியில்லை. இருந்தும் நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'சீசரின் குற்றச்சாட்டு', 'நம்பியவன் கைவிட்டபோது எழும் குரல்', 'ரோமானியரின் அதிர்ச்சி' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. கடைசி என்ற சொல் வேண்டுமென்றால் 'ஏறக்குறைய கடைசி' என்று எழுதலாமே. ஒரு சொல் கூடுவதில் நட்டமில்லை.

அடுத்தது அந்த 'ஏ' ஓசை. பெயர் ப்ரூட்டஸ், கூப்பிடும்போது ஏன் ப்ரூட்டே? தமிழ் தெரிந்தவருக்கு இதை விளக்கத் தனி வகுப்பு தேவையில்லை. மகன், மகனே, தலைவன், தலைவனே. நம் விளி வேற்றுமைதான். லத்தீனிலும் இந்த வகை ஆண்பாற் பெயர்களின் 'உஸ்' ஈறு, விளிக்கும்போது 'எ' ஈறாக மாறும். மார்க்கஸ் என்பவரை அழைத்தால் மார்க்கே. 'வேற்றுமை தாமே ஏழென மொழிப' என்று சொன்ன தொல்காப்பியர் அடுத்த நூற்பாவிலேயே 'விளிகொள் வதன்கண் விளியோ டெட்டே' என்கிறார். விளியோடு சேர்த்தால் எட்டு. சீசரின் முதல் இரண்டு சொற்களை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஈ-டீ-டீ-யூ. சென்னைக்காரர் ஒருவர் 8 என்ற எண்ணின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் எப்படி எழுதுவாரோ அதே எழுத்துகள், அதே வரிசை. எழுத்துகளின் தற்செயல்தான், வேறு உறவு இல்லை. ஆனால் குறுக்கெழுத்து என்பதே இப்படிப்பட்ட தற்செயல்களை வைத்துப் பிழைக்கும் கலை. 'சென்னையில் 8' என்று எழுதி இந்த நான்கு எழுத்தைக் கேட்பது இந்திய நாளிதழ் ஒன்றில் முழுக்க நியாயமான கட்டுமானம். மலையாளிக்கும் இதே எண்ணுப்பெயர்தான் என்பதால் 'கொச்சியில் 8' என்றும் எழுதலாம். லண்டன் நாளிதழில் போட்டால் அநியாயம், ஏனென்றால் அங்கே புரட்டும் ஆங்கில அகராதிகளில் அந்தச் சொல் இல்லை.

விளி ஈறு புதிருக்குக் கொடுக்கும் பெரிய கொடை, 'ப்ரூட்டே' என்ற அழைப்பு எழுத்தில் 'ப்ரூட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒன்றிப்போவது. ஓசை வேறு, பொருள் வேறு, எழுத்து மட்டும் ஒன்று. நண்பனை அன்போடு விளிக்கும் சொல்லுக்கு 'மிருகம்' என்று குறிப்பு எழுத முடிவது இதனால்தான். உச்சரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த விடையைத் தேடுபவர் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். எழுத்துகளுக்கு லத்தீன் தெரியாது என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டிக் கட்டும் முறையில் வேறு வழிகளும் இருக்கின்றன. பிரெஞ்சில் 'எ' என்று ஒலிக்கும் 'மற்றும்' என்ற சொல்லின் எழுத்து ஈ-டீ. நெருக்கமானவரை அழைக்கும் 'நீ' டீ-யூ. ஆகவே 'பாரிஸில் மற்றும் நீ' என்பதும் அதே நான்கு எழுத்தைத் தரும். இது சுலபம், ஆனால் சப்பை. பிரெஞ்சுச் சொற்கள் லத்தீனிலிருந்து பிறந்தவை என்பதால் கட்டுமானமும் விடையும் ஒரே வேரில் நிற்கின்றன. ஒரே பொருளை இரண்டு தடவை சொன்னதுபோல் ஆகிவிடும். இதைவிட ஈ, டீ-டீ, யூ என்று வெட்டுவது நல்லது. டீ-டீ என்பது மதுவைத் தொடாதவரைக் குறிக்கும் சுருக்கம், அல்லது மேன் தீவின் மோட்டார்சைக்கிள் பந்தயம். யூ என்றால் எல்லோரும் பார்க்கலாம் என்ற தணிக்கைச் சான்று. நம் சினிமா போஸ்டர் பார்த்தவர்கள் யாரும் இதில் தடுமாற மாட்டார்கள். இங்கிலாந்தில் அதே யூ எழுத்துக்கு 'மேட்டுக்குடிப் பாங்கு' என்றும் ஒரு பொருள் உண்டு. ஈ என்பது ஆற்றல், அல்லது ஆங்கிலேயர், அல்லது கிழக்கு. ஆக 'ஆங்கிலேயர், குடிக்காதவர், மேட்டுக்குடி' என்ற தோரணையில் ஒரு வாக்கியம் எழுதி அதற்குள் சீசரை ஒளித்துவிட முடியும். பின்பாதியிலும் இதே வேலை செய்யலாம். ஸ்காட்லாந்தில் ப்யூட் என்றொரு தீவு, எழுத்து பி-யூ-டீ-ஈ. அதற்குள் ஆர் என்ற எழுத்தை, அதாவது 'ராஜா' என்பதன் லத்தீன் சுருக்கத்தைச் செருகினால் 'ப்ரூட்' வந்துவிடும். தீவில் இறங்கிய மன்னர். அல்லது பி-ஆர் என்பது சகோதரரின் சுருக்கம், யூ-டீ-ஈ என்பது ஆஸ்திரேலியர்கள் ஓட்டும் பிக்-அப் வண்டி.

எழுத்தைக் கலைத்துப் போடும் அனகிராம் வகைக்கு வருவோம். ஒன்பது எழுத்தில் மூன்று டீ இருப்பது தொல்லை மாதிரி தோன்றும். உண்மையில் அதுவே உதவி, ஏனென்றால் ஆங்கிலத்தில் இரட்டை டீ வரும் சாதாரணச் சொற்கள் ஏராளம். முதலில் கிடைப்பது 'ட்ரூ, பட்' என்ற இரண்டு சொற்களோடு 'ஈ.டீ.' சேர்ந்த கலவை. எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் இதில் ஒரு குறை: ஈ-டீ என்ற துண்டு கலையாமல் அப்படியே விடையின் தலையில் உட்கார்ந்துவிடுகிறது. பாதி கலைத்து பாதி கலைக்காத அனகிராமை அனுபவம் உள்ளவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அடுத்தது 'ட்ரூ' என்பதோடு 'ப்யூட்' என்ற ஒற்றைக் குன்று, பி-யூ-டீ-டீ-ஈ. எழுத்து நன்றாகக் கலைகிறது. ஆனால் 'உண்மையான ஒற்றைக் குன்று' என்று யார் பேசுகிறார்கள்? படிக்கும்போதே இது புதிர்க்காகச் செய்த வாக்கியம் என்று பல்லிளித்துவிடும்.

மூன்றாவது சேர்க்கைதான் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது. 'அட்டர்', எழுத்து யூ-டீ-டீ-ஈ-ஆர். 'ட்யூப்', எழுத்து டீ-யூ-பி-ஈ. ஐந்தும் நான்கும் ஒன்பது. டீ மூன்று, யூ இரண்டு, ஈ இரண்டு, ஆர், பி. ஒன்றுகூட மிச்சமில்லை, குறைவுமில்லை. இப்போது குறிப்பு எழுதிப் பாருங்கள்: 'அட்டர் ட்யூப் கேயாஸ்! க்ரை ஆஃப் ஒன் பிட்ரேய்ட் (2,2,5)'. லண்டன் சுரங்க ரயிலில் ஒரே அமளி, ஏமாந்தவர் ஒருவரின் கூக்குரல். காலையில் ரயில் தாமதமான செய்தித் தலைப்பு போலவே இருக்கிறது. கேயாஸ் என்ற சொல் கலைத்துப் போடச் சொல்லும் ஆணை. மீதி நான்கு சொல்லும் பொருள். ஒரு சொல்கூட சும்மா நிற்கவில்லை. நல்ல குறிப்புக்கு இதுவே அளவுகோல்: மேலோட்டமாகப் படிப்பவர் வேறொரு காட்சியைக் காண வேண்டும், எழுத்தெழுத்தாகப் படிப்பவர் குறை காணக்கூடாது. அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்ட ரிச்சி 1949-இல் வகுத்த விதியும் இதுதான்: நான் சொல்வதெல்லாம் என் கருத்தாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் என் கருத்தை நான் சொல்லியே ஆக வேண்டும்.

ஒளித்து வைக்கும் வகைதான் இந்தத் தொடருக்கென்றே பிறந்தது போல் இருக்கிறது. லெட்டூஸ் கீரையை ஆங்கிலத்தில் எழுதுங்கள்: எல், ஈ, டீ, டீ, யூ, சி, ஈ. முதல் எழுத்தை மறையுங்கள், கடைசி இரண்டை மறையுங்கள். நடுவில் நிற்பது சீசரின் குரல். சீசர் சாலட் என்ற உணவில் முக்கியமான இலையே லெட்டூஸ்தான், அதிலும் 'ரோமானிய' என்று பொருள்படும் ரோமேன் வகை. சாலடின் பெயருக்கும் ரோமாபுரிச் சீசருக்கும் தொடர்பில்லை. மெக்சிகோவின் டிஹுவானாவில் உணவகம் நடத்திய சீசர் கார்டினியின் பெயரால் 1924 முதல் வழங்குவது அது. தொடர்பே இல்லாத இரண்டு சீசர்கள் ஒரு கீரையின் எழுத்துக்குள் சந்திக்கிறார்கள். 'சீசர்ஸ் வர்ட்ஸ் இன் லெட்டூஸ் (2,2)': சீசரின் சொற்கள், லெட்டூஸுக்குள். நான்கு சொற்களில் பொருள், ஆணை, கட்டுமானம் மூன்றும் அடங்கிவிட்டன. படிப்பவரோ தட்டில் உள்ள சாலடைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார்.

இங்கே கை தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, 'லெட்டூஸின் இதயம்' என்று எழுதும் ஆசை. கீரையின் நடுக்குருத்தை ஆங்கிலத்தில் இதயம் என்றே சொல்வதால் வாக்கியம் அழகாக வரும். ஆனால் இதயம் என்றால் சரியான நடு என்று புதிர் மரபு சொல்கிறது. ஏழெழுத்துச் சொல்லின் நடுவிலிருந்து நான்கு எழுத்தை எடுக்கவே முடியாது. இடப்புறம் ஒன்றும் வலப்புறம் இரண்டும் மிஞ்சும். எழுத்தெண்ணிப் பார்ப்பவர் மடக்கிவிடுவார். இரண்டு, 'ரோமேன் லெட்டூஸுக்குள்' என்று ஓர் அடைமொழியைச் சேர்ப்பது. ஒளிந்திருக்கும் விடை ரோமேன் என்ற சொல்லைத் தொடுவதே இல்லை. ஒளிக்கும் இடத்தில் உதவாத சொல்லை நிறுத்துவது கண்டிப்பானவர்களுக்குப் பிடிக்காது. லெட்டூஸ் சலித்துவிட்டால் ஃபெட்டுச்சினி என்ற பாஸ்தா இருக்கிறது. அதிலும் இரண்டாம் எழுத்திலிருந்து ஐந்தாம் எழுத்து வரை இதே நான்கு வருகின்றன, இத்தாலிய வாசனையும் கூடவே வருகிறது.

முழு ஒன்பது எழுத்தையும் ஒளிக்க முடியுமா? எழுத்தளவில் முடியும். 'வெட் டப், ரட் எவிடென்ட்', அதாவது ஈரத் தொட்டி, தெரியும் பள்ளம். வெட் என்பதன் கடைசி இரண்டு எழுத்து, டப் முழுவதும், ரட் முழுவதும், அடுத்த சொல்லின் முதல் ஈ. சேர்த்துப் படித்தால் ஒன்பதும் வரிசையாக நிற்கும். வாக்கியம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பொருளற்ற சொற்கூட்டத்தைப் பார்த்ததுமே தீர்ப்பவர் 'ஏதோ ஒளிந்திருக்கிறது' என்று கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் ஒளித்து என்ன பயன்?

திருப்பிப் போடுவதைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் என் கணிப்பில் இந்தத் தொடருக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த குறிப்பு அங்கேதான் இருக்கிறது. நான்கு எழுத்தையும் பின்னிருந்து படியுங்கள்: யூ-டீ-டீ-ஈ. மறுபடியும் அதே 'அட்டர்'. இந்த முறை அதற்கு 'உரைத்தல்' என்ற பொருள், கடைசி ஆர் மட்டும் இல்லை. எனவே 'உரைத்தல், முடிவு வெட்டப்பட்டது, திரும்பியது' என்பது கட்டுமானம். இதை வைத்து, 'வாட் சீசர் வுட் அட்டர், கட் ஷார்ட், டர்னிங் ரவுண்ட் (2,2)'. பாதியில் வெட்டப்பட்டவராய், திரும்பிப் பார்த்து, சீசர் உரைக்கக்கூடியது. அட்டரை வெட்டித் திருப்பினால் எழுத்து கிடைக்கிறது. முழு வாக்கியத்தையும் அப்படியே படித்தால் கொலைக்களமே தெரிகிறது: கத்தி வெட்டுகிறது, பேச்சு அறுகிறது, திரும்பியவர் ப்ரூட்டஸின் முகத்தைப் பார்க்கிறார். கட்டுமானமும் பொருளும் ஒரே வாக்கியத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும் இந்த வகை அபூர்வமாகத்தான் வாய்க்கும். கொத்தாகச் சொற்களைப் புரட்டிக்கொண்டிருப்பதன் பலன் இதுதான். பட்டர், மட்டர், கட்டர், ஷட்டர் எல்லாவற்றிலும் இந்த நான்கு எழுத்தும் தலைகீழாக ஒளிந்திருக்கின்றன. ஆனால் அட்டருக்கு மட்டும்தான் 'சொல்' என்ற பொருள் இருக்கிறது.

ஓசையை வைத்து விளையாடுவதும் உண்டு. 'சாப்பிட்டான்' என்பதன் ஆங்கிலச் சொல்லை ஆங்கிலேயர் பலர் 'எட்' என்றே ஒலிப்பார்கள். 'டூ' என்றால் இரண்டு. 'இரண்டைச் சாப்பிட்டானாம், கேள்வி' என்றால் 'எட் டூ'. அமெரிக்கர் அதே சொல்லை 'எய்ட்' என்று ஒலிப்பதால் நியூயார்க்கில் இது எடுபடாது. ஓசைக் குறிப்பை எழுதுமுன் யாருடைய நாக்குக்காக எழுதுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அமெரிக்கக் கேள்வி. அங்கே தினசரிப் புதிர் 15-க்கு 15 கட்டம். எல்லா வெள்ளைக் கட்டமும் இடமிருந்து வலமாக ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழாக இன்னொரு சொல்லிலும் சேர வேண்டும். பிரிட்டிஷ் வலைக்கட்டத்தில் ஏறக்குறையப் பாதி எழுத்துதான் இப்படி இரண்டு பக்கமும் சேரும். அமெரிக்க முறையின் நெருக்கத்தால் மூலைகளில் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள் குவிகின்றன. வலது ஓரத்தில் யூ எழுத்து வந்து மாட்டிக்கொண்டால், அதில் முடியும் நான்கெழுத்துச் சொல்லுக்கு எங்கே போவது? மெனு, டுட்டு, பெரு, தௌ, லூ என ஒலிக்கும் லியூ, இப்படிக் கொஞ்சம்தான் இருக்கின்றன. ஈ-யில் தொடங்கி யூ-வில் முடிய வேண்டும் என்றால் இன்னும் சுருங்கும்: பழுப்பு வெள்ளை நிறமான எக்ரூ, ஈமு பறவையின் பழைய எழுத்துக்கூட்டல், பிறகு நம் சீசர். மூன்றுக்குள்தான் தேட வேண்டும். நடுவில் இரட்டை டீ என்பதோ மேலிருந்து கீழ் வரும் சொற்களுக்கு வரம். இதனால்தான் கட்டம் கட்டுபவர்கள் அலுத்துக்கொண்டாலும் இந்த நான்கெழுத்தைக் கைவிட மாட்டேன் என்கிறார்கள்.

அங்கே இன்னொரு சிக்கல், விடை எத்தனை சொல் என்று அடைப்புக்குறிக்குள் போட மாட்டார்கள். 'நான்கெழுத்து ஆங்கிலச் சொல்' என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு இது ஒருபோதும் கிடைக்காது. குறிப்பில் 'வர்ட்ஸ்' என்று பன்மையில் இருந்தால் விடை ஒன்றுக்கு மேற்பட்ட சொல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பின் முடிவில் கேள்விக்குறி இருந்தால் விஷமம் இருக்கிறது என்று பொருள். மார்ச், ஐட்ஸ் (ரோமானியர் மாத நடுநாளுக்கு இட்ட பெயர்), குத்து, முதுகு, செனட், டோகா (ரோமானிய மேலாடை), நண்பன் போன்ற சொற்கள் தலைகாட்டினால் சீசரை நினையுங்கள். ப்ரூட்டஸ் என்ற பெயரை நம்பிவிடவும் கூடாது. 1960-களின் தொலைக்காட்சி பாப்பாய் கார்ட்டூன் படங்களில் வரும் தாடிக்கார முரடனின் பெயரும் ப்ரூட்டஸ்தான், அதை வைத்துத் திசை திருப்புவார்கள்.

(2,2,5) என்று எண் கொடுத்திருக்கும் பிரிட்டிஷ், இந்தியப் புதிரில் வேறு விதமாகப் போகலாம். இந்த அமைப்பில் ஆங்கிலத்தில் வழக்கமாக வருவது 'அப் டு ஸ்பீட்', 'கோ டு ஸ்லீப்', 'அப் இன் ஸ்மோக்' போன்ற தொடர்கள். இவற்றில் ஒன்றிலும் நான்காம் எழுத்து யூ இல்லை. குறுக்கே வந்த சொல் நான்காம் கட்டத்தில் யூ-வைக் கொடுத்துவிட்டால் வேறு விடையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். குறுக்கே வருவன ஒற்றைப்படைக் கட்டங்களாக இருந்தால் உங்களுக்குக் கிடைப்பவை ஈ, டீ, பி, யூ, ஈ. இரட்டைப்படையாக இருந்தால் டீ, யூ, ஆர், டீ. இரண்டையும் ஒரு முறை இடைவெளி விட்டு எழுதிப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டால் அடுத்த தடவை கண் தானே பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் பிழை 'யூ டூ, ப்ரூட்டஸ்'. பேச்சிலும் பத்திரிகைத் தலைப்பிலும் நாம் அப்படியே பழகிவிட்டோம். எண்ணினால் (3,3,6), மொத்தம் பன்னிரண்டு, கட்டத்தில் அடங்காது. முதல் பாதியை மட்டும் லத்தீனாக மாற்றிக்கொண்டு ப்ரூட்டஸ் என்றே முடிப்பவர்கள் பத்தாம் எழுத்துக்குக் கட்டம் இல்லாமல் நிற்பார்கள். விளி ஈறு என்ற ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

தமிழிலேயே இதைக் கட்ட முடியுமா என்றால், முடியும். 'நீயுமா' என்பது தமிழ்க் கணக்கில் மூன்றெழுத்து: நீ, யு, மா. கட்டுமானமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 'எதிரில் நிற்பவர், எல்லோரும் பார்க்கத் தக்க மாமரம்: சீசர் கேட்டது (3)'. எதிரில் நிற்பவர் நீ, தணிக்கைச் சான்று யு, மரம் மா. 'தக்க' என்ற சொல்லை 'தக்கது' என்று முடித்தால் இலக்கணம் கெடும், 'மரம்' என்று மட்டும் விட்டால் எந்த மரம் என்று தெரியாமல் போகும். 'மாமரம்' என்று எழுதியதிலும் ஒரு குறை, விடையின் கடைசி எழுத்து குறிப்பிலேயே அப்பட்டமாகத் தெரிகிறது. அதற்குப் பதில் 'குதிரை' என்று போட்டால் அந்தக் குறை தீரும், ஏனென்றால் மா என்பதற்குக் குதிரை என்றும் பொருள் உண்டு. 'எதிரில் நிற்பவர், எல்லோரும் பார்க்கத் தக்க குதிரை: சீசர் கேட்டது (3)'.